ஆங்கில வாக்கியம் புரியவில்லையா? பழுது எங்கே என்று முதலில் பாருங்கள்

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பிடிபடாவிட்டால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். அதில் இருப்பதிலேயே நீளமான சொல்லைப் பிடித்து அகராதியில் தேடுவோம். பழுது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. நீளமான சொற்களுக்கு வழக்கமாக ஒன்றிரண்டு பொருள்தான், தேடினால் கிடைத்துவிடும். தொல்லை கொடுப்பவை 'அப்', 'ஆஃப்', 'எ', 'தட்', 'நாட்' போன்ற பொடிச் சொற்கள். இவற்றையெல்லாம் எப்போதோ படித்து முடித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதால் சந்தேகம் அவற்றின் மேல் விழுவதே இல்லை.

அகராதியைத் திறக்குமுன் ஒரு சோதனை. புரியாத வாக்கியத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சொல்லில் வந்து நின்றால், அது சொற்பொருள் பழுது. எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் மொத்தமும் குழம்பினால், அமைப்புப் பழுது. தடங்கலில்லாமல் சொல்ல முடிகிறது, ஆனால் முன்பின் வாக்கியங்களோடு ஒட்டவில்லை என்றால், மரபுத்தொடர், எதிர்மறை, தொனி ஆகிய மூன்றில் ஒன்று. உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம்.

அறிகுறி: எல்லாச் சொல்லும் தெரியும், வாக்கியம் மட்டும் புரியவில்லை

அதிகம் காணப்படும் பழுது இதுதான். காரணங்கள் மூன்று, இதே வரிசையில் சோதியுங்கள்.

முதலாவது, வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்ட பொடிச் சொல். 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். ஆனால் 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. மூன்றின் பொருளையும் கூட்டினால் இது வராது. தமிழிலும் 'விட்டுக்கொடு' என்பதை 'விடு', 'கொடு' என்று பிரித்துப் படித்தால் ஒன்றும் கிடைக்காதல்லவா, அதே கதைதான். வினையை அடுத்து 'அப்', 'டவுன்', 'ஆஃப்', 'அவுட்', 'இன்டு', 'ஓவர்' வந்தால் இரண்டையும் ஒரே சொல்லாக நினைத்துத் தேடுங்கள். அகராதியில் அந்த வினையின் பதிவுக்குக் கடைசியில் இவற்றுக்கென்று தனிப் பகுதி இருக்கும். பலர் அதுவரை உருட்டிப் போவதே இல்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. பொடிச் சொல் வினையை விட்டு விலகியும் நிற்கும். 'ஷி டர்ன்டு தி ஜாப் டவுன்' என்றால் அவள் அந்த வேலையை வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். கடைசியில் தனியாகத் தொங்கும் 'டவுன்' ஏன் அங்கே இருக்கிறது என்று தோன்றினால், முன்னால் உள்ள வினையோடு சேர்த்துப் பாருங்கள். மறுபுறம், அருகருகே நின்றாலே சேர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 'லுக் அப் தி வேர்டு' என்றால் சொல்லை அகராதியில் தேடு. 'லுக் அப் தி சிம்னி' என்றால் புகைபோக்கிக்குள் அண்ணாந்து பார். பொடிச் சொல்லைக் கடைசிக்கு நகர்த்திப் பாருங்கள். 'லுக் தி வேர்டு அப்' என்று சொல்லலாம், 'லுக் தி சிம்னி அப்' என்று சொல்ல முடியாது. நகர்ந்தால் சேர்க்கை என்று நம்பலாம். நகராத சேர்க்கைகளும் இருப்பதால், நகராவிட்டாலும் ஒருமுறை அகராதியைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, விழுங்கப்பட்ட 'தட்'. 'தி லெட்டர் ஹி ரோட் அரைவ்டு டுடே.' பெயர், உடனே இன்னொரு பெயர் அல்லது 'ஹி', 'ஷி', அதன்பின் அடுத்தடுத்து இரண்டு வினைகள். இந்த வரிசையைக் கண்டால் முதல் பெயருக்குப் பின்னால் ஒரு 'தட்' செருகுங்கள். 'அவன் எழுதிய கடிதம் இன்று வந்தது' என்று சட்டெனத் தெளிந்துவிடும். தமிழில் 'அவன் எழுதிய' என்ற பெயரெச்சம் கடிதத்துக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் பின்னால் போகிறது. நமக்கு இடறுவது அதனால்தான்.

மூன்றாவது, இறந்தகால வினைபோல வேடமிட்டு வரும் எச்சம். மொழி உளவியலாளர் தாமஸ் பெவர் 1970இல் எடுத்துக்காட்டிய ஒரு வாக்கியம் இதற்குப் புகழ்பெற்றது: 'தி ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.' குதிரை ஓடியது, கொட்டகையைக் கடந்து போனது என்று படித்துக்கொண்டே வருவோம். கடைசியில் 'ஃபெல்' வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். 'ரேஸ்டு' இங்கே முற்றுவினை கிடையாது. 'கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது' என்பதே வாக்கியம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள் என்பதால், உங்களுக்குப் புரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றுக்கும் பொதுவான பரிகாரம் முற்றுவினை வேட்டை. வாக்கியத்தில் வினைபோலத் தெரிவதையெல்லாம் அடிக்கோடிடுங்கள். 'டு' முன்னால் உள்ளவற்றையும், தனியாக நிற்கும் 'இங்' வடிவங்களையும், 'ஹூ', 'விச்', 'தட்', 'வென்', 'இஃப்' ஆகியவற்றின் கட்டுப்பாட்டில் இருப்பவற்றையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதே தலைமை வினை. அதைச் செய்தது யார் என்று கேளுங்கள். நாற்பது சொல் கொண்ட வாக்கியமும் மூன்று நான்கு சொல்லுக்குச் சுருங்கிவிடும். மற்றதெல்லாம் அதில் தொங்கும் தோரணம். தமிழ் வாசகருக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகவே தேவை. நம் மொழியில் வினை கடைசியில் வரும், அதனால் முடிவுவரை காத்திருப்பது நமக்குப் பழக்கம். ஆங்கிலம் முக்கியமானதைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் நீட்டி முழக்கும்.

அறிகுறி: அகராதியில் பார்த்தாயிற்று, பொருள் பொருந்தவில்லை

முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற சொல்லுக்கு 400க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. பின்னர் அதைத் திருத்தியபோது 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று கணக்கிட்டார்கள். எளிய சொல்லுக்குத்தான் பொருள் அதிகம்.

பொருளைத் தேர்வதற்கு முன் அந்தச் சொல் இங்கே பெயரா, வினையா, பெயரடையா என்று முடிவுசெய்யுங்கள். 'தி ஓல்டு மேன் தி போட்' என்பதில் 'மேன்' வினை. முதியவர்கள் அந்தப் படகை இயக்குகிறார்கள் என்று பொருள். பிறகு அகராதியில் உள்ள குறிகளைப் பாருங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' என்றிருந்தால் எண்ணக்கூடியது, 'யு' என்றிருந்தால் எண்ண முடியாதது. எண்ண முடியாத 'பேப்பர்' எழுதும் காகிதம். எண்ணக்கூடிய 'எ பேப்பர்' செய்தித்தாளோ ஆய்வுக் கட்டுரையோ தேர்வுத்தாளோ ஆகலாம். இந்த ஓர் எழுத்தைக் கவனித்தாலே பல இடங்களில் பொருள் மாறிப்போவது நின்றுவிடும்.

சில சொற்கள் தமக்குத் தாமே எதிரி. 'சாங்ஷன்' என்றால் அனுமதி கொடுப்பது, தண்டனைத் தடை விதிப்பது இரண்டும் உண்டு. 'ஓவர்சைட்' மேற்பார்வையும் ஆகும், கவனக்குறைவால் விட்டுப்போனதும் ஆகும். 'டேபிள்' என்ற வினை பிரிட்டிஷ் வழக்கில் ஒன்றை உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்க வழக்கில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த ஒரு சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகளுக்கு இடையே நீண்ட வாக்குவாதம் நடந்ததாகவும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றேதான் என்று பிறகே தெரிந்ததாகவும் வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். எழுதியவர் எந்த நாட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைத் தரும். அது எங்கே, எதோடு சேர்ந்து வரும் என்று பெரும்பாலும் சொல்லாது. பயில்வோருக்கான ஆங்கில அகராதி அதைச் சொல்லும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தன் நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கி 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதிதான் இந்த வகைக்குப் பாதை போட்டது. லாங்மேன் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த அகராதி, எல்லா விளக்கங்களையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எழுதியது. என் கருத்தில் இடைநிலை வாசகருக்கு இந்த வகையே போதும், பேரகராதி வேண்டாம். விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியத்தை முதலில் படியுங்கள். உங்கள் வாக்கியத்தைப் போன்ற ஒன்று கண்ணில் பட்டால் அதற்கான பொருளே உங்களுக்கு வேண்டியது.

அறிகுறி: இது தமிழிலேயே புழங்கும் சொல்தானே, ஆனால் இடிக்கிறது

தமிழுக்குள் வந்த ஆங்கிலச் சொற்கள் வந்த இடத்தில் வேறு பொருள் எடுத்துக்கொண்டன. 'வண்டி ரிப்பேர்' என்றால் நமக்குக் கெட்டுப்போய்விட்டது. ஆங்கிலத்தில் 'ரிப்பேர்' என்பது சரிசெய்வது. 'இன் குட் ரிப்பேர்' என்றால் நல்ல நிலையில் இருக்கிறது. 'ஹோட்டல்' தங்குமிடம், சாப்பிட மட்டும் போகும் இடத்துக்கு வேறு பெயர். 'எனக்கு ஒரு டவுட்' என்று நாம் கேள்வி கேட்கிறோம். ஆங்கிலத்தில் 'டவுட்' என்றால் நம்பிக்கையின்மை, ஆகவே 'ஐ டவுட் இட்' என்பது 'அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்' என்று பொருள்படும். 'பாஸ் அவுட்' என்றால் பிற நாட்டவர் பலருக்கு மயங்கி விழுவதுதான் நினைவுக்கு வரும். தெரிந்த சொல் என்பதாலேயே சோதிக்காமல் விடுகிறோம். இந்த வகைச் சொற்களையும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: புரிந்தது, ஆனால் நேர் எதிராகப் புரிந்திருக்கிறது

இது ஆபத்தானது, ஏனென்றால் தவறு நடந்ததே தெரியாது. படித்து முடித்ததும் 'இவர் ஏன் தன் கருத்தையே மறுக்கிறார்?' என்று தோன்றினால் இங்கே வாருங்கள்.

'எ' இருக்கிறதா என்று பாருங்கள். 'எ ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தார்கள். 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் வந்தவர்கள் வெகு சொற்பம், கிட்டத்தட்ட யாரும் வரவில்லை. 'லிட்டில்', 'எ லிட்டில்' ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. ஓரெழுத்து விட்டுப்போனால் வாக்கியத்தின் முகமே மாறிவிடும்.

'நாட்' இல்லாமலே எதிர்மறையாக நடக்கும் சொற்கள்: 'ஹார்ட்லி', 'செல்டம்', 'அன்லெஸ்', 'ஃபெய்ல்டு டு', 'ஃபார் ஃப்ரம்', 'எனிதிங் பட்'. 'ஹார்ட்லி' என்பதை 'கடினமாக' என்று படிப்பவர்கள் ஏராளம். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் அவன் வேலை செய்வதே அபூர்வம். பாராட்டு என்று நினைத்தால் போச்சு.

'நாட்' இருந்தால் அது எதை மறுக்கிறது என்று கேளுங்கள். 'ஐ டிட் நாட் லீவ் பிகாஸ் ஐ வாஸ் ஆங்ரி' என்பதற்கு இரண்டு வாசிப்பு உண்டு. கோபம் இருந்ததால் போகாமல் இருந்தேன் என்பது ஒன்று. போனேன், ஆனால் கோபத்தால் போகவில்லை, வேறு காரணம் என்பது இன்னொன்று. இலக்கணம் இங்கே உதவாது, அடுத்த வாக்கியம்தான் சொல்லும். 'ஆல்' முன்னால் வந்து 'நாட்' பின்னால் வந்தாலும் இதே சிக்கல். 'ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்டு' என்ற பழமொழி, மின்னும் எதுவுமே பொன் ஆகாது என்று சொல்லவில்லை. மின்னுவது எல்லாமே பொன்னாகிவிடாது என்கிறது. 'கேனாட் பி ஓவர்ஸ்டேட்டடு' என்றால் மிகைப்படுத்தக் கூடாது என்று கண்டிப்பதாக எண்ண வேண்டாம். 'எவ்வளவு சொன்னாலும் தகும்' என்பது அதன் கருத்து.

உரையாடலில் ஆம், இல்லை இரண்டும் நம்மைக் கவிழ்க்கும். 'டோன்ட் யூ லைக் இட்?' என்ற கேள்விக்கு நாம் 'ஆமாம், பிடிக்கவில்லை' என்போம். கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்றாலே பிடிக்கும், 'நோ' என்றாலே பிடிக்கவில்லை. 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்று ஒருவர் கேட்டால், உட்காரச் சொல்ல 'நோ' என்று பதில் தர வேண்டும். ஆட்சேபமா என்பதே கேள்வி.

அறிகுறி: காலம் குழம்புகிறது

'இட்ஸ் டைம் வீ லெஃப்ட்' என்பதில் 'லெஃப்ட்' இறந்தகாலம், ஆனால் இன்னும் யாரும் கிளம்பவில்லை. 'ஐ விஷ் ஐ நியூ' என்பவருக்கு இப்போதுதான் தெரியவில்லை. 'இஃப் ஐ ஹேட் தி மணி' என்பவரிடம் இப்போது பணமில்லை. விசித்திரமாகத் தோன்றினால் நம் 'வந்தால்' என்பதைப் பாருங்கள். 'வந்தான்', 'வந்தால்' இரண்டுக்கும் ஒரே இறந்தகால அடிதான். 'நாளை வந்தால்' என்று நாம் கூசாமல் சொல்கிறோம். ஆங்கிலமும் உண்மை நிலையிலிருந்து விலகி நிற்க இறந்தகால வடிவத்தைப் பயன்படுத்துகிறது. 'இஃப்', 'விஷ்', 'டைம்', 'ராதர்' ஆகியவற்றின் பின்னால் இறந்தகாலம் வந்தால், அது நடந்ததைச் சொல்வதாக உடனே முடிவுகட்டாதீர்கள்.

'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்' இரண்டிலும் தமிழ்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். 'ஹி மஸ்ட் ஹேவ் கான்', 'ஹி ஷுட் ஹேவ் கான்' இரண்டையும் 'போயிருக்க வேண்டும்' என்றே எழுதிவிடலாம். முதலாவது ஊகம், போயிருப்பான் என்று தோன்றுகிறது. இரண்டாவது பெரும்பாலும் குறை சொல்வது. போயிருக்கணும், ஆனால் போகவில்லை. இந்த இடத்தில் மொழிபெயர்ப்புக் கருவி தரும் தமிழ் சரியாகவே தெரியும், ஆனால் உங்களை எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

'யூஸ்டு டு' வந்தால் முன்னாலும் பின்னாலும் பாருங்கள். 'ஐ யூஸ்டு டு டிரைவ்' என்றால் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகிவிட்டது. முன்னால் 'ஆம்', 'இஸ்' இருந்து, பின்னால் 'இங்' இருந்தால் பழக்கம்.

அறிகுறி: சொல்லுக்குச் சொல் பார்த்தால் அபத்தமாக இருக்கிறது

மரபுத்தொடர். சுற்றியுள்ள பேச்சுக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு பூனையோ வாளியோ பாதமோ வந்து குதித்தால் சந்தேகப்படுங்கள். தொடரில் உள்ள ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். பொருள் உடைந்தால் அது மரபுத்தொடர். 'கிக் தி பக்கெட்' என்றால் செத்துப்போவது. 'பக்கெட்' இருக்கும் இடத்தில் 'பாட்' வந்தால் வெறும் உதைதான் மிஞ்சும். தேடும்போது தொடரை முழுதாக மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள்.

முற்றிலும் அந்நியமான தொடர்கள் அவ்வளவு ஆபத்தில்லை, புரியாததால் தேடிவிடுவோம். தமிழில் உள்ளதைப் போலத் தோன்றுபவைதான் வம்பு. 'முதலைக் கண்ணீர்', 'கை கழுவிவிடுதல்' இரண்டும் ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே பொருளில் உள்ளன. அந்தத் தைரியத்தில் 'புல்லிங் மை லெக்' என்பதை 'காலை வாரிவிடுதல்' என்று எடுத்தால் கதை கெட்டது. நம் 'காலை வாரிவிட்டான்' என்பதில் துரோகம் இருக்கிறது. அவர்களுடையது சும்மா கிண்டல். பொய்யைச் சொல்லி நம்பவைத்து வேடிக்கை பார்ப்பது. ஒரு சிரிப்புப் பேச்சைப் பகையாக எடுத்துக்கொள்ள இது போதும்.

தொடரின் பிறப்புக் கதைகளைத் தேடிப் போவது சுவாரசியம்தான். பொருளைக் கண்டுபிடிக்க அவற்றை நம்பாதீர்கள். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' எங்கிருந்து வந்தது என்று இன்னும் உறுதியாகவில்லை, கதைகள் மட்டும் நிறைய. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் எப்போதாவது ஒருமுறை. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவுதான் 'ப்ளூ மூன்' என்ற விளக்கமோ, 1946இல் அமெரிக்க வானியல் இதழ் ஒன்றில் நேர்ந்த தவறான புரிதலால் பரவியது. தொடர் அதைவிடப் பழையது.

அறிகுறி: செய்தித் தலைப்பு மட்டும் புரியவில்லை

தலைப்புகளுக்குத் தனி இலக்கணம். நிகழ்காலம் நடந்து முடிந்ததைச் சொல்லும். 'டு' எதிர்காலத்தைச் சொல்லும். 'இஸ்', 'ஆர்', 'தி' காணாமல் போகும். பெயர்கள் மூட்டையாக அடுக்கப்பட்டிருந்தால் கடைசியிலிருந்து அவிழ்த்து வாருங்கள். கடைசிப் பெயர்தான் தலை. எது பெயர், எது வினை என்று தெரியாமல் வாசகரைத் திணறடிக்கும் தலைப்புகளுக்கு 'கிராஷ் ப்ளாசம்ஸ்' என்றே ஒரு பெயர் உண்டு. விமான விபத்தோடு தொடர்புடைய ஒரு வயலின் கலைஞரின் இசைவாழ்வு மலர்கிறது என்று சொல்ல வந்த 2009ஆம் ஆண்டுத் தலைப்பு ஒன்றில், 'கிராஷ்', 'ப்ளாசம்ஸ்' இரண்டும் ஒட்டி நின்று 'விபத்து மலர்கள்' என்று படிக்கவைத்ததால் வந்த பெயர் அது.

அறிகுறி: வாக்கியம் புரிகிறது, ஆள் புரியவில்லை

'யூ மைட் வான்ட் டு செக் திஸ் அகெய்ன்' என்று மேலாளர் எழுதினால் அது யோசனைபோல ஒலிக்கும். பெரும்பாலும் 'தப்பு இருக்கிறது, சரிசெய்' என்பதே செய்தி. 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால் மறுப்பு வரப்போகிறது. 'குவைட் குட்' அமெரிக்கரிடமிருந்து வந்தால் நல்ல பாராட்டு. பிரிட்டிஷார் சொன்னால் 'பரவாயில்லை' அளவுக்கு இறங்கிவிடலாம். இங்கே அகராதி உதவாது. அவர் அதற்குமுன் எழுதியவற்றைப் பாருங்கள். அவருடைய 'குட்' எவ்வளவு எடை என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை

பேச்சில் பொடிச் சொற்கள் நசுங்கிவிடும். 'குட் ஹேவ்' என்பது 'குடவ்' ஆகும். 'கேன்', 'கேன்ட்' இரண்டையும் கடைசி ஒலியை வைத்துப் பிரிக்க முயல்வதால்தான் தோல்வி. 'கேன்' சாதாரணமாக 'கன்' என்று சுருங்கி, அழுத்தம் அடுத்த வினைக்குப் போகும். 'கேன்ட்' என்றால் அந்தச் சொல்லிலேயே அழுத்தம் விழும். அழுத்தம் எங்கே என்று கேளுங்கள். எழுத்தோட்டத்தோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை என்று ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் பலன் தரும். புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டே போவது அவ்வளவு உதவாது.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால்

எழுதியவரே சரியாக எழுதாமல் இருந்திருக்கலாம். அச்சில் வந்துவிட்டால் பிழை இருக்காது என்று நாம் நம்புகிறோம்; ஆங்கிலத்தில் மோசமாக எழுதுபவர்களும் நிறைய. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் நகர்ந்துவிடலாம். ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு போன்றவற்றில் மட்டும் அப்படி நகரக் கூடாது. தெரிந்தவரிடம் கேட்டே ஆக வேண்டும். கேட்கும்போது சொல்லை மட்டும் அனுப்பாமல் முழு வாக்கியத்தையும், அதற்கு முந்தைய வாக்கியத்தையும், நீங்கள் புரிந்துகொண்டது என்ன என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று மட்டும் கேட்டால் அகராதியில் இருப்பதே பதிலாகத் திரும்பி வரும்.